மூணாவது மாடியில் ஒரு கருப்புப் பட்டை

இளவரசிக்கும் புவனாவுக்கும் பேச்சு நின்று ஏழு மாதம். தொழில் மட்டும் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? மோட்டார் இருப்பது இளவரசி வீட்டில். தண்ணீர் ஓஸும், அதன் முனையில் மாட்டிப் பீய்ச்சுகிற கன்னும் இருப்பது புவனா வீட்டில். சண்டை வந்த அன்றைக்கு ஆளாளுக்குக் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தியால் ஒரு கோழிக்கூண்டைக்கூடக் கழுவ முடியாது. என்ன பண்ணுவார்கள் பாவம், தினமும் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள், ஒரு வார்த்தை பேசாமல்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இவர்கள். மஞ்சக்குட்டையில் ஒரே சந்து, எதிரெதிர் வீடு. மூத்தவள் இளவரசிக்கு நாற்பத்தொரு வயசு. வாய் கொஞ்சம் நீளம். மனசும் பெரிசுதான், ஆனால் வாசலுக்கு முதலில் வந்து நிற்பது வாய்தான். இளையவள் புவனாவுக்கு முப்பத்திரண்டு. கம்மென்று இருந்தே ஆளைக் கொல்லுகிற ரகம். இந்த இரண்டு பேரையும் ஒரே ஷேர் ஜீப்பில் முன் சீட்டிலும் பின் சீட்டிலுமாக உட்காரவைத்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும் டிரைவர், "என்ற வண்டியில இவ்வளவு அமைதியா எழவு ஊட்டுக்காரங்ககூட போனதில்லீங்க" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அவர்கள் தொழில் என்னவென்றால் சுவர் கழுவுவது. ஏற்காட்டுப் பனியும் மழையும் எந்தச் சுவரையும் இரண்டு வருஷத்துக்கு மேல் வெள்ளையாக விடாது. முதலில் பச்சையாகப் படியும், அப்புறம் கருக்கும். பெயின்ட் அடித்தாலும் பாசிமேல் பெயின்ட் நிற்காது. அதைக் கழுவ ஒரு பிரஷர் மெஷின். பார்த்தால் சின்னப் பிள்ளை உயரம்தான் இருக்கும், ஆனால் அது தள்ளுகிற தண்ணீரில் பத்து வருஷத்துப் பாசியும் தோல் மாதிரி உரிந்து வரும். மகளிர் குழுவில் சேர்ந்து இரண்டு பேரும் வாங்கினார்கள். அதற்கு முன்னால் இளவரசி பதினெட்டு வருஷம் காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்தவள். காலில் அட்டை, தலைக்குமேல் மழை, காதுக்குள், ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் போடுகிற கத்தல். இன்றைக்கு அவளை யாரும் "ஏய், இந்தா" என்று கூப்பிட முடியாது. லாட்ஜ் மேனேஜர்களே "இளவரசிம்மா" என்கிறார்கள். அந்த மெஷின்மேல் அவளுக்கு இருந்த பாசத்தைப் பார்த்து அவள் புருஷன் சுப்பிரமணிக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

சண்டை எதற்கு என்று கேட்பீர்கள். புவனா புது வீடு கட்டினாள். பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். புவனா புதுச் சேலை கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு குங்குமம் வைத்துக்கொண்டு சந்து முழுக்கக் கூப்பிட்டாள். வீராயி வீட்டுக்குப் போனாள், டெய்லர் வீட்டுக்குப் போனாள், போன வருஷம் வாடகைக்கு வந்த ஸ்டெஃபி டீச்சர் வீட்டுக்குக்கூடப் போனாள். இளவரசி வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனாள், தாண்டித்தான் வந்தாள். இளவரசியோ தலைக்குக் குளித்து, நடு வீட்டில் பாய் விரித்து, தட்டு வாங்கக் காத்திருந்தாள். சாயங்காலம் அவள் போன் டிங்கென்று சத்தம் போட்டது. ஒரு பிள்ளையார் படம், ஒரு மாவிலைத் தோரணம், கீழே "அனைவரும் வருக". வாட்ஸப்!

"பத்தடி தூரத்துல இருக்கறவளுக்கு வாட்ஸப்புல அழைப்பு! நான் என்ன அமெரிக்காவுலயா இருக்கறேன்?" என்று அன்று ராத்திரி சுப்பிரமணியைப் பிடித்து உலுக்கினாள். அவன் போனான். தம்பி வீட்டு விசேஷம், போகாமல் இருப்பானா? இவள் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். புவனா நம்பர், அவள் புருஷன் நம்பர், இரண்டையும் பிளாக் பண்ணினாள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் பேச வேண்டியது இருந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். "சில பேரு ஓஸை மடக்கி வெக்காம போயிடறாங்க, வெடிச்சா யாரு பொறுப்பாவறது?" என்று இளவரசி ஒரு காம்பவுண்டுச் சுவரிடம் சொல்லுவாள். "சில பேரு மோட்டாரைத் தண்ணியிலயே வெக்கறாங்க" என்று புவனா அதே சுவரின் அடுத்த பக்கத்திடம் சொல்லுவாள். ஒற்றை மாடி வீடுகளிலும் காம்பவுண்டுகளிலும் இது போதுமானதாக இருந்தது. ஒருத்தியை ஒருத்தி பார்க்க முடியும். கையை ஆட்டினால் விளங்கும்.

இந்த நேரத்தில்தான் அந்த நாலு மாடி லாட்ஜ் வந்து சேர்ந்தது.

ஏரிக்குமேல் சரிவில் இருக்கிற லாட்ஜ் அது. முன்பக்கம் ரோடு, பின்பக்கம் பள்ளம், அந்தப் பள்ளம் ஒரு ஓரமாக ஏரியில் போய் முடியும், எதிரே காப்பிச் சரிவு. பின்பக்கச் சுவர் மொத்தமும் அட்டைக் கருப்பு. ஏரியில் போட் விடுகிறவர்கள் நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். மேனேஜர் பாக்கியநாதன் நல்ல மனுஷர், ஆனால் சீசன் நெருங்க நெருங்கக் கால் தரையில் பாவாது. "கோடை விழாவுக்கு ஞாயித்துக்கிழமை முதல் ஆள் வருதும்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சுவர் வெள்ளையா இருக்கணும். நல்லா வந்தா எங்க முதலாளியோட மத்த ரெண்டு லாட்ஜும் உங்களுக்குத்தான்" என்றார்.

திங்கட்கிழமை ஆரம்பித்தார்கள். கன்னின் குழாயை ஒரு நீள மூங்கிலில் கட்டி, கீழே நின்று தூக்கிப் பிடித்ததில் இரண்டாவது மாடி வரைக்கும் எட்டியது. புதன்கிழமை அதே மூங்கிலை மொட்டை மாடியிலிருந்து கீழே விட்டார்கள். நாலாவது மாடி முழுக்கச் சுத்தமானது. நடுவில் மூணாவது மாடி மட்டும் மேலேயிருந்தும் எட்டவில்லை, கீழேயிருந்தும் எட்டவில்லை. மூங்கிலை இன்னும் நீளமாக்கினால் தண்ணீர் தள்ளுகிற வேகத்தில் முனை ஆட்டம் போட்டது, பிடிக்கவே முடியவில்லை. ஆக, வியாழக்கிழமை காலையில் ஏற்காடு எழுந்து பார்த்தபோது, வெள்ளை வெளேரென்ற சுவரின் இடுப்பில் ஒரு கருப்புப் பட்டை.

சிரிக்காத ஆள் கிடையாது. "லாட்ஜுக்குப் பெல்ட் மாட்டியிருக்கறீங்களாட்டம் இருக்குது?" என்றான் பஜாரில் பழம் விற்கிறவன். "இப்பதான் டவுசர் நிக்கும்" என்றான் அவன் பக்கத்துக் கடைக்காரன். இளவரசி திருப்பி இரண்டு சொன்னாள். அதை எழுத முடியாது.

எப்படி எட்டுவது? சேலத்தில் கூடை வைத்துத் தூக்குகிற வண்டி வாடகைக்கு உண்டு. அந்த ஆள் போனில் எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று கேட்டான். இருபது என்றதும் வைத்துவிட்டான். சாரம் கட்டலாம் என்றால் பின்பக்கம் முழுக்கப் பொலபொலவென்ற மண், கம்பு ஊன்றினால் கம்போடு ஆளும் ஏரிக்குப் போய்ச் சேரலாம். வாட்ச்மேன் கருப்பண்ணன் தன் பங்குக்கு மிளகு பறிக்கிற ஏணியைக் கொண்டுவரட்டுமா என்றார். ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைத்து ஏறுகிற ஏணி.

"ஏனுங்கண்ணா, என்னைய உசுரோட பார்க்கப் புடிக்கலீங்களா?" என்றாள் இளவரசி. ஏணி அனுபவம் அவளுக்கு ஏற்கெனவே உண்டு. குப்பனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏணிமேல் நின்று கன்னை அழுத்தினாள். தண்ணீர் முன்னால் போனது, இவள் பின்னால் போனாள். கீழே சாமியானாத் துணி குவித்திருந்ததால் பிழைத்தாள். அன்றைக்கு ஓடிவந்து தூக்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் புவனாதான். அப்போதெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை ராத்திரி சோறு போடும்போது சுப்பிரமணி மெதுவாக ஆரம்பித்தான். "தம்பிகிட்டயும் பேசிட்டேன். நாளைக்கு அந்தச் செவுரு முடிஞ்சுதுன்னா சரி. முடியலைன்னா மெஷினை வித்துப்போடலாம். நீங்க ரெண்டு பேரும் பேசாம எஸ்டேட்டுக்கே போங்க. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத் தொழில் பண்ண முடியாது இளவரசி, ஊரே சிரிக்குது."

அவளுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். படுத்த பிறகும் ரைட்டரின் கத்தல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. மூங்கிலில் இன்னொரு மூங்கிலைக் கட்டிப் பார்த்தாள், முறிந்தது. கோபத்தில் முகம் கழுவலாம் என்று மூணாவது மாடியில் திறந்திருந்த ஒரு ரூம் பாத்ரூமுக்குள் போனாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தலைக்கு நேராக வென்டிலேட்டர். குறுக்கே நாலு கண்ணாடிப் பட்டை, உருவினால் வந்துவிடும். அந்தப் பக்கம் என்ன? அந்தக் கருப்புச் சுவர்தான்!

"அட கெரகமே! இத்தனை நாளா வெளியில நின்னு எட்டலை எட்டலைன்னு அழுதுக்கிட்டு இருந்தேனே!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

மூணாவது மாடியில் அந்தச் சுவரை ஒட்டி வரிசையாக ஐந்து பாத்ரூம். ஐந்து வென்டிலேட்டர். ஒவ்வொன்றிலும் கையையும் கன்னையும் வெளியே நீட்டிச் சுற்றிலும் அடித்தால் பட்டை மொத்தமும் வந்துவிடும். ஏணி வேண்டாம், சாரம் வேண்டாம், வெளியே கால் வைக்கவே வேண்டாம். ஒரே ஒரு சிக்கல். கையைத் தோள் வரைக்கும் வெளியே விட்டால் கன்னம் டைல்ஸில் ஒட்டிக்கொள்ளும். வெளியே என்ன நடக்கிறது என்று ஒரு துளி தெரியாது. எங்கே கருப்பு, எங்கே வெள்ளை, தண்ணீர் எங்கே போகிறது, இதையெல்லாம் எதிர்ச் சரிவில் காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று ஒருத்தி பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒருத்தி என்றால் யார்? வேறு யார் இருக்கிறார்கள்?

இளவரசி கருப்பண்ணனைப் பிடித்தாள். "அண்ணா, கீழ நிக்கற ஆளுகிட்டச் சொல்லுங்க. எதுத்த மேட்டுல நின்னு பாக்கச் சொல்லுங்க. அந்த ஆளு உங்ககிட்டச் சொல்லட்டும், நீங்க எனக்குச் சத்தமாச் சொல்லுங்க."

கருப்பண்ணனுக்குத் தொண்டை நல்ல கனம். ராத்திரி காட்டெருமையையே அதட்டி விரட்டுகிறவர். புவனா பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஓஸ் படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. இளவரசி ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, கண்ணாடிப் பட்டைகளை உருவி, வலது கையை வெளியே விட்டாள். முழங்கையை நிலையில் முட்டுக்கொடுத்துக் கன்னை அழுத்தினாள். சுவரில் தண்ணீர் மோதுகிற சத்தம். நிறுத்திக் காது கொடுத்தாள்.

"சோத்தாங்கைப் பக்கம்!" என்றார் கருப்பண்ணன்.

வலது பக்கம் திருப்பி அடித்தாள்.

"சோத்தாங்கைப் பக்கம்கறேன்!"

இன்னும் வலது பக்கம் அடித்தாள்.

"அட சோத்தாங்கைப் பக்கம் அம்முணி! சோறு திங்கற கை!"

"எனக்குத் தெரியாதுங்களா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிய மட்டும் வலது பக்கம் தண்ணீரை வீசினாள். அடுத்த ரூமிலிருந்து ஓர் அலறல். கருப்பண்ணன் சுவரைப் பார்த்து நிற்கிறார், இவள் சுவருக்கு உள்ளேயிருந்து அவரைப் பார்த்து நிற்கிறாள். அவருடைய சோத்தாங்கை இவளுக்கு இடது கை. இந்தச் சின்ன விஷயம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அடுத்த பாத்ரூமில் பல்பு மாட்டுகிறார்களா என்று சரிபார்த்துக்கொண்டிருந்த பாக்கியநாதனின் இஸ்திரி போட்ட சட்டையில், வென்டிலேட்டர் வழியாக, பத்து வருஷத்துப் பாசி வந்து இறங்கியிருந்தது.

அவர் வந்து வாசலில் நின்றார். நெற்றியிலிருந்து கருப்புத் தண்ணீர் சொட்டியது. "இளவரசிம்மா," என்றார் மிகவும் பொறுமையாக, "மணி பன்னெண்டரை. நாலு மணிக்கு மழை இறங்கிடும், பாத்தாலே தெரியுது. அதுக்குள்ள முடியலைன்னா சொல்லிடுங்க, நான் பெரிசா ஒரு பேனரைக் கட்டி மறைச்சுக்கறேன்."

அவர் கீழே போய் கருப்பண்ணனுக்கும் இரண்டு வார்த்தை கொடுத்திருப்பார் போல. மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏனுங்க, ஓரகத்தி ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்களாம், நடுவுல நான் ஏச்சு வாங்கோணுமாம்! என்ற சம்பளம் கேட்டுக்குக் காவல் நிக்கறதுக்கு. நான் டீ குடிக்கப் போறேன்!" என்று பள்ளமெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் சத்தமே இல்லை.

இளவரசி வாளிமேல் நின்றுகொண்டிருந்தாள். கை வெளியே, ஆள் உள்ளே. கன்னம் டைல்ஸில் சில்லென்றிருந்தது. கீழே அவள் நிற்கிறாளா, போய்விட்டாளா? நின்றால் வாயைத் திறக்க வேண்டியதுதானே? திறக்க மாட்டாள். அவள் அப்படித்தான். நான் மட்டும் எதற்குத் திறக்க வேண்டும்? மூத்தவள் நான். கூப்பிட வேண்டியவள் அவள். ஏழு மாசம் பொறுத்தவளுக்கு இன்னும் மூணரை மணி நேரம் பெரிசா? குத்துமதிப்பாக ஒரு பக்கம் அடித்தாள். தண்ணீர் எங்கே போனதோ தெரியவில்லை. நிறுத்தினாள். நாளைக்குக் காலையில் மறுபடியும் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு ரைட்டர் முன்னால் வரிசையில் நிற்பதை நினைத்தாள். மெஷினை யாரோ ஒருத்தன் சேலத்துக்கு ஏற்றிக்கொண்டு போவதை நினைத்தாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

"அடியே புவனா!" என்று கத்தினாள். "அங்க நிக்கறயா, நீயும் டீ குடிக்கப் போயிட்டயாடி?"

"நிக்கறேனுங்க்கா!"

ஒரு நொடிகூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. வாயிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பாள் போல.

இளவரசிக்குச் சந்தோஷம்தான். அதைக் காட்டிக்கொள்வாளா? "நிக்கறவ வாயைத் தொறந்து சொன்னா முத்து உதுந்துடுமா? எந்தப் பக்கம்னு சொல்லு!"

"சோத்தாங்கையெல்லாம் வேண்டாமுங்க்கா. ஏரிப் பக்கம், பஸ் ஸ்டாண்டுப் பக்கம்னு சொல்றேன். இப்ப ஏரிப் பக்கம் ரெண்டு முழம் திருப்புங்க. ஆங்! அப்படியே மேலே. அங்கதான் அடிங்க!"

அடித்தாள். கீழே கருப்புத் தண்ணீர் சரசரவென்று இறங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. "வருதுங்க்கா! உரிஞ்சு வருது!" என்று புவனா கூவினாள். கை வைத்த இடமெல்லாம் சரியாகப் பட்டது. முதல் வென்டிலேட்டர் அரை மணியில் முடிந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்ரூமுக்கு ஓடினாள்.

வேலை ஓடினால் வாய் சும்மா இருக்குமா? ஏழு மாதம் அடைத்து வைத்த வாய். கன்னை நிறுத்தி வழி கேட்கிற இடைவெளியில் எல்லாம் வர ஆரம்பித்தது.

"தட்டு தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் போனயே, என்ற ஊட்டு வாசப்படி உன்ற கண்ணுக்குத் தெரியலையாடி?"

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சாண்! தெரிஞ்சுதுங்க்கா. அந்தத் தட்டைத் தூக்கிக்கிட்டு என்கூட ஊர் கூப்பிட வரவேண்டியவங்களே நீங்கதான்னு நான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வரலை!"

"நீ வான்னு சொன்னயா?"

"சொல்லோணுமா? கீழ இறக்குங்க, இறக்குங்க! நம்ம ஊட்டு விசேஷத்துக்கு நம்மளையே யாராச்சும் தட்டு வெச்சுக் கூப்பிடுவாங்களா? வீராயி வெளியாளு, டீச்சரம்மா வெளியாளு. நீங்க வெளியாளுங்களா?"

"அப்ப அந்த வாட்ஸப்பு?"

"அது உங்க கொழுந்தன் போன்ல இருந்த எல்லா நம்பருக்கும் ஒட்டுக்காத் தட்டி விட்டது! கேஸ் ஏஜென்சிக்கும் போச்சு, இன்சூரன்ஸ்காரனுக்கும் போச்சு! அந்தாளு பண்ணின வேலைக்கு என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க? ஏரிப் பக்கம், ஏரிப் பக்கம்!"

மேல் மாடியிலும் கீழ் மாடியிலும் ஜன்னல்கள் திறந்துகொண்டன. ஒரு மாதத்துக்கு ரூம் எடுத்துத் தங்கியிருந்த ரிட்டயர்டு தம்பதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். "அந்த அம்மா கேக்கறதும் நியாயந்தான்" என்றார் கணவர். "நீங்க சும்மா இருங்க, இந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி" என்றாள் மனைவி. டீ குடிக்கப் போன கருப்பண்ணன் டம்ளரோடு திரும்பி வந்து புவனாவுக்குப் பின்னால் ஒரு கல்மேல் குந்திக்கொண்டார். நாலாவது வென்டிலேட்டருக்கு வந்தபோது பாக்கியநாதனும் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றிருந்தார். மேகம் ஏரிக்குமேல் இறங்கிக்கொண்டிருந்தது.

இளவரசி விடுகிற ஆளா? ஐந்தாவது பாத்ரூமில் வாளியைப் போட்டு ஏறினதும் கேட்டாள். "சரிடி, நான்தான் வரலை. நீ ஒரு நடை வந்து, ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேட்டயா? நான் இல்லாமயே பாலைக் காய்ச்சிப்போட்டயல்ல?"

இளவரசி கன்னை அழுத்தாமல் காத்திருந்தாள்.

"காய்ச்சலீங்க்கா," என்றது கீழேயிருந்து. குரல் முன்னைப்போல் இல்லை. "ஆறுல இருந்து ஏழரை நல்ல நேரம். நமக்கு மாமியாரும் இல்லை, நாத்தனாரும் இல்லை, மூத்தவங்க நீங்கதான் பத்த வெக்கோணும்னு அடுப்புல பாலை வெச்சுட்டு நின்னுக்கிட்டு இருந்தேன். உங்க ஊட்டுக் கதவையே பாத்துக்கிட்டு. எல்லாரும் பத்த வையி பத்த வையின்னாங்க. ஐயரு கோவிச்சுக்கிட்டாரு. ஏழரையும் தாண்டி எமகண்டமே பொறந்துருச்சு. கதவு தொறக்கவே இல்லை. அப்பறம் உங்க கொழுந்தன்தான் தீப்பெட்டியைப் புடுங்கிப் பத்த வெச்சாரு. நான் தொடலை."

கல்மேல் குந்தியிருந்த கருப்பண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

அந்தக் காலையில் இளவரசி கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட வருவாள், வருவாள் என்று அவளும் ஏழரை வரைக்கும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே கதவை. இதை நினைத்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. டைல்ஸில் முகத்தை வைத்துக்கொண்டு, கையை வெளியே நீட்டியபடியே, சத்தம் வராமல் அழுதாள். நல்ல வேளை, வெளியே இருக்கிற கைக்கு அழத் தெரியாது.

"ஏனுங்க்கா, இருக்கறீங்களா?" புவனாவின் குரல் பதறியது. "கோவமுங்களா? அக்கா! பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடைசியா ஒரு முழம்தான் இருக்குது, மழை வருதுங்க்கா!"

"இருக்கறேன் கண்ணு," என்றாள் இளவரசி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கன்னை இறுகப் பிடித்தாள். "மேலயா, கீழயா, சொல்லு."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசிக் கருப்பும் வழிந்து இறங்கியது. மேலே ஜன்னல்களில் கைதட்டினார்கள். பாக்கியநாதன் சரிவில் இறங்கிப் போய் நின்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை அடுத்த லாட்ஜுக்கு வந்துடுங்கம்மா. ஆனா அங்க பாத்ரூமுக்குள்ள நான் வர மாட்டேன்" என்றார். முதல் தூறல் விழுந்தது.

இளவரசி கீழே வந்தாள். தலை முதல் கால் வரைக்கும் ஈரம், முகமெல்லாம் பாசித் துணுக்கு. காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து புவனா வந்தாள், அவளும் தொப்பலாக நனைந்திருந்தாள். பக்கத்தில் வந்ததும் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்தவர்களுக்கு மூணு அடி தூரத்தில் வெட்கம் வந்துவிட்டது.

"அடுத்த லாட்ஜுல நான் மேல நிக்கறேனுங்க்கா," என்றாள் புவனா கடைசியில். "நீங்க கீழ நின்னு திட்டுங்க. உங்களுக்குத் தொண்டை நல்லா இருக்குது."

"லொள்ளைப் பாரு!" என்று இளவரசி அவள் தலையில் ஒட்டியிருந்த காப்பி இலையைத் தட்டிவிட்டாள்.

ஷேர் ஜீப்பில் இரண்டு பேரும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான், திரும்பியும் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் நடுவில் அவனுக்கு இடம் கிடைத்திருக்காது, மஞ்சக்குட்டை வரைக்கும் இவர்கள் இரண்டு பேருமே பேசிக்கொண்டு வந்தார்கள். இறங்கியதும் இளவரசி மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கினாள்.

"எதுக்குங்க்கா, ஊட்டுல இருக்குதே," என்றாள் புவனா.

இளவரசி பாக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். சந்துக்குள் வந்து, தன் வீட்டு வாசலைத் தாண்டி, எதிர் வீட்டு வாசலில் நின்றாள். ஏழு மாதமாக எதிரே பார்த்துக்கொண்டே இருந்த வீடு, ஒரு தடவைகூட உள்ளே கால் வைத்ததில்லை. ஈரச் சேலையை முழங்கால் வரைக்கும் பிழிந்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். நேரே சமையல்கட்டு. பாத்திரத்தை அவளே எடுத்தாள், பாலை அவளே ஊற்றினாள்.

புவனா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நேரம் பாக்க வேண்டாமுங்களா?"

"இப்ப நல்ல நேரம்தான். தீப்பெட்டியை எடு."

புவனா நீட்டினாள். முதல் குச்சி ஈரக் கையில் நமுத்துப்போனது, இரண்டாவது பற்றியது. இளவரசி அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் ஓரத்தில் நுரை கட்டியது, ஏறியது, பொங்கியது, பாத்திரத்தைத் தாண்டி அடுப்பு முழுக்க வழிந்தது. அணைக்க இரண்டு பேருமே கையை நீட்டவில்லை.